செரன்கோவ் தொலைநோக்கிக்கு சிலிக்கான் ஒளி உணரி: புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

விண்வெளியிலிருந்து வரும் உயர் ஆற்றல் காமாக் கதிர் ஒன்று காற்று மண்டலத்தில் மோதியதும் எலக்ட்ரான், பாசிட்ரான் எனத் துகள்கள் சரம்சரமாகக் கிளம்பும். காற்றில் ஒளி போகும் வேகத்தைவிட அவை வேகமாக ஓடுவதால் நீலமும் புறஊதாவுமாக ஒரு மெல்லிய ஒளி தரைக்கு வருகிறது. இதுதான் செரன்கோவ் ஒளி. இப்படிப்பட்ட ஒரு துகள் பொழிவின் ஒளி சில நானோ நொடிகளில் வந்து முடிந்துவிடும். அதைப் படமெடுக்கும் கேமராவின் ஒவ்வொரு பிக்ஸலுக்கும் போட்டான்களை ஒவ்வொன்றாக எண்ணத் தெரிய வேண்டும்.

பல பத்தாண்டுகளாக இந்த வேலையை போட்டோமல்டிப்ளையர் குழாய்கள் செய்தன. அவற்றுக்கு ஆயிரம் வோல்ட் அளவில் மின்னழுத்தம் வேண்டும். வெளிச்சம் அதிகமானால் குழாய் தேய்ந்து போகும், அதனால் நிலா பெரிதாக இருக்கும் இரவுகளில் ஒன்று மின்னழுத்தத்தைக் குறைப்பார்கள், இல்லையென்றால் கேமராவை மூடிவிடுவார்கள். 2011 அக்டோபரில் ஸ்பெயினின் லா பால்மா தீவில் ஃபேக்ட் தொலைநோக்கி ஓடத் தொடங்கியபோது நிலைமை மாறியது. ஹெக்ரா சோதனையின் பழைய தொலைநோக்கி ஒன்றின் தாங்கியில், 9.5 சதுர மீட்டர் கண்ணாடியுடன், 1440 பிக்ஸல்களும் சிலிக்கானாலேயே ஆன கேமரா. நல்ல நிலா வெளிச்சத்திலும் அது வேலை செய்தது. இப்போது சீனாவில் 4410 மீட்டர் உயரத்தில் இருக்கும் லாசோவின் 18 செரன்கோவ் தொலைநோக்கிகளில் ஒவ்வொன்றிலும் 1024 சிலிக்கான் பிக்ஸல்கள் இருக்கின்றன. செரன்கோவ் தொலைநோக்கி வரிசை ஆய்வகத்தின் சிறிய வகைத் தொலைநோக்கிகளும் சிலிக்கானைத்தான் எடுத்துக்கொண்டிருக்கின்றன.

இந்தத் துறைக்குப் புதிதாக வரும் முதுநிலை, முனைவர் பட்ட மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆஸிலோஸ்கோப்பைக் கையாளத் தெரிந்தால் போதும். ஒன்றை மட்டும் முதலிலேயே அழுத்திச் சொல்லிவிடுகிறேன்: டேட்டாஷீட்டின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் ஒளி கண்டறியும் திறனை மட்டும் பார்த்து உணரியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். இந்த உணரியில் ஓவர்வோல்டேஜை, அதாவது அது வேலை செய்யத் தொடங்கும் வரம்புக்கு மேல் கூடுதலாகக் கொடுக்கும் மின்னழுத்தத்தை, ஏற்றினால் நல்லதும் கெட்டதும் சேர்ந்தே ஏறும். எங்கே நிறுத்துவது என்பதை உங்கள் சோதனையில் இருக்கும் பின்னணி வெளிச்சம்தான் தீர்மானிக்கிறது.

உணரியைத் தொடுவதற்கு முன் ஒரு கணக்கு

முதல் வேலை பேனாவும் தாளும்தான். உங்கள் பிக்ஸலில் ஒரு நொடிக்கு எத்தனை வேண்டாத போட்டான்கள் விழும் என்று கணக்குப் போடுங்கள்.

ஃபேக்ட் தொலைநோக்கியையே எடுத்துக்கொள்வோம். லா பால்மாவில் நிலா இல்லாத நல்ல இருட்டில்கூட வானம் முழுக் கறுப்பாக இருப்பதில்லை. 300 முதல் 650 நானோமீட்டர் வரையிலான அலைநீளத்தில் சதுர மீட்டருக்கு, ஸ்டெரேடியனுக்கு, நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கோடி போட்டான்கள் வருகின்றன. ஒரு பிக்ஸல் பார்க்கும் அகலம் 0.11 டிகிரி, அதாவது ஒரு ஸ்டெரேடியனில் பத்து லட்சத்தில் 3 பங்கு. இதை 9.5 சதுர மீட்டரால் பெருக்கினால் நொடிக்கு சுமார் 6 கோடி போட்டான்கள். கண்ணாடியிலும், ஒளியைச் சில்லின் மேல் குவிக்கும் ஒளிக்கூம்பிலும் போகும் இழப்பு, உணரியின் திறன் எல்லாவற்றையும் கழித்தால் ஒன்றிரண்டு கோடி எண்ணிக்கை மிஞ்சும். 650க்கு மேலே இருக்கும் சிவப்பையும் சேர்த்தால் இன்னும் ஏறும்.

இப்போது உணரி இருட்டில் தானாகவே போடும் பொய்ப் பல்ஸ்களைப் பாருங்கள். இதற்கு டார்க் கவுன்ட் என்று பெயர். இன்றைய நல்ல உணரிகளில் அறை வெப்பநிலையில் சதுர மில்லிமீட்டருக்கு நொடிக்கு 50,000 முதல் 1 லட்சம் வரை இருக்கும். 3 மிமீக்கு 3 மிமீ சில்லுக்கு 4.5 லட்சத்திலிருந்து 9 லட்சம். வானம் கொடுக்கும் கோடிகளுக்கு முன்னால் இது ஒரு பொருட்டே இல்லை. ஆகவே செரன்கோவ் தொலைநோக்கிக்காக உணரியை மைனஸ் 20க்குக் குளிர்விக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், எதற்காக என்று கேளுங்கள். வெப்பநிலையை நிலையாக வைத்திருப்பது வேறு வேலை, அதற்குப் பின்னால் வருகிறேன்.

இதே கணக்கை இத்தாலியின் கிரான் சாஸோ மலைக்கு அடியில் கரும்பொருளைத் தேட அமையும் டார்க்சைடு-20கே சோதனைக்குப் போட்டால் விடை தலைகீழாக வரும். அங்கே திரவ ஆர்கானுக்குள் வெளி வெளிச்சமே கிடையாது. உணரியின் சொந்த இரைச்சல்தான் அங்கே முதல் எதிரி. உணரிகள் ஒரே குடும்பம், தேவைகள் எதிரெதிர். இந்தக் கணக்கைப் போடாமல் உணரி வாங்க உட்காரக் கூடாது.

சில்லின் உள்ளே

சிலிக்கான் போட்டோமல்டிப்ளையரை ஆய்வகங்களில் எஸ்ஐபிஎம் என்றே சொல்கிறார்கள். ஒரு சில்லில் ஆயிரக்கணக்கான நுண் செல்கள் இணையாகக் கோக்கப்பட்டிருக்கும். ஃபேக்டில் போட்ட 3 மிமீ சில்லில் 50 மைக்ரான் அளவுள்ள 3600 செல்கள். ஒவ்வொரு செல்லும் ஒரு டையோடு, கூடவே தொடராக ஒரு குவெஞ்சிங் ரெசிஸ்டர்.

டையோடைப் பின்னோக்கு பயஸில், பிரேக்டவுன் மின்னழுத்தத்தையும் தாண்டி வைக்கிறோம். எவ்வளவு தாண்டியிருக்கிறதோ அதுதான் ஓவர்வோல்டேஜ். ஒரு போட்டான் உள்ளே வந்து ஒரு எலக்ட்ரானைக் கிளப்பினால் போதும், அது மற்றவற்றை மோதி மோதி ஒரு பெருஞ்சரிவை உண்டாக்கும். ரெசிஸ்டர் வழியே மின்னோட்டம் பாய்ந்ததும் டையோடின் மின்னழுத்தம் பிரேக்டவுனுக்கு இறங்கிச் சரிவு நின்றுவிடும், பிறகு செல் மறுபடி சார்ஜ் ஆகும். செல் ஒரு எலிப்பொறி மாதிரி: ஒரு எலி வந்தாலும் இரண்டு சேர்ந்து வந்தாலும் ஒரே அடிதான், மறுபடி பொறியைத் தூக்கி வைக்க நேரம் வேண்டும். எத்தனை போட்டான் வந்தன என்பதை எத்தனை செல்கள் வெடித்தன என்று எண்ணித்தான் தெரிந்துகொள்கிறோம்.

வெளிவரும் மின்னூட்டம் எவ்வளவு? செல்லின் மின்தேக்கு திறனை ஓவர்வோல்டேஜால் பெருக்க வேண்டும், அவ்வளவுதான். 50 மைக்ரான் செல்லுக்கு 90 ஃபெம்டோஃபாரட், 3 வோல்ட் ஓவர்வோல்டேஜ் என்றால் ஏறக்குறைய 17 லட்சம் எலக்ட்ரான்கள். இதுதான் கெய்ன்.

நீல ஒளிக்கு எப்படிப்பட்ட அமைப்பு வேண்டும் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 400 நானோமீட்டர் ஒளி சிலிக்கானின் மேற்பரப்பிலிருந்து ஒரு மைக்ரானுக்கும் மிகக் குறைவான ஆழத்திலேயே உறிஞ்சப்படும். சிவப்பு பல மைக்ரான் ஆழம் போகும். சரிவைத் தொடங்கி வைப்பதில் துளைகளைவிட எலக்ட்ரான்களுக்குத் திறமை அதிகம். ஆகவே மேலே பி, கீழே என் என்று அமைத்தால் மேற்பரப்பில் பிறந்த எலக்ட்ரான் புலம் வலுவாக உள்ள பகுதி வழியாக ஓடும், நீலத்துக்குத் திறன் கூடும். செரன்கோவ் வேலைக்கு உணரி கேட்கும்போது இந்த அமைப்பா என்பதைக் கண்டிப்பாகப் பாருங்கள்.

இருட்டுப் பெட்டியும் ஐ-வி வளைவும்

மேசையில் தேவையானவை: பிகோஆம்பியர் அளவு வரை அளக்கும் சோர்ஸ்மீட்டர், 200 மெகாஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேற்பட்ட ஆஸிலோஸ்கோப், 30 முதல் 40 டெசிபெல் பெருக்கும் அகலப்பட்டை ஆம்ப்ளிஃபையர், சில நானோ நொடிப் பல்ஸ் தரும் நீல எல்இடி, சில்லுக்குப் பக்கத்திலேயே ஒட்டிய வெப்பநிலை உணரி, அப்புறம் ஒரு இருட்டுப் பெட்டி.

பெட்டி விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும் சில பிளாஸ்டிக்குகளும் டேப்புகளும் அகச்சிவப்பைத் தாராளமாக உள்ளே விடும். எஸ்ஐபிஎம்முக்கோ 900 நானோமீட்டர் வரை பார்வை உண்டு. உலோகப் பெட்டிதான் நல்லது. மூடி சேரும் இடத்தில் மடிப்பு வைத்து, கேபிள் நுழையும் துளைகளை உலோக இணைப்பிகளால் அடைத்துவிடுங்கள். பிறகு பயஸ் கொடுத்து, அறை விளக்கைப் போட்டும் அணைத்தும் மின்னோட்டத்தைப் பாருங்கள். டார்ச்சை எடுத்து ஒவ்வொரு மூலையிலும் அடித்துப் பாருங்கள். மின்னோட்டம் துளி நகர்ந்தாலும் ஓட்டை இருக்கிறது என்று பொருள்.

சோர்ஸ்மீட்டரில் மின்னோட்ட வரம்பு வைத்துவிட்டுத்தான் பயஸ் கொடுக்க வேண்டும். வரம்பு இருந்தால், தவறிப் பெட்டியைத் திறந்தாலும் சில்லுக்கு ஒன்றும் ஆகாது. கையில் நிலைமின் பட்டை கட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் முன்னோக்கு பயஸ். வளைவு நேர்கோடாகும் இடத்தில் கோட்டின் சாய்வை எடுத்து அதன் தலைகீழைப் பார்த்தால் எல்லாக் குவெஞ்சிங் ரெசிஸ்டர்களும் இணையாகச் சேர்ந்த மதிப்பு கிடைக்கும். 3600 செல்கள், 42 ஓம் என்று வந்தால் ஒரு ரெசிஸ்டர் ஏறக்குறைய 150 கிலோ ஓம். அப்புறம் பின்னோக்கு பயஸ். மின்னோட்டம் நானோஆம்பியரில் சோம்பிக் கிடந்து ஓரிடத்தில் சட்டென்று கிளம்பும். மின்னோட்டத்தின் மடக்கையை மின்னழுத்தத்தைப் பொறுத்து வகையீடு செய்தால் அந்த இடத்தில் ஒரு கூர்முனை வரும், அதுதான் பிரேக்டவுன். ட்ரென்டோவில் உள்ள எஃப்பிகே நிறுவனத்தின் நீலத்துக்கான உணரிகளில் இது 26, 27 வோல்ட் பக்கம் இருக்கும். ஹமாமட்சுவின் எஸ்13360 வரிசையில் 53 வோல்ட் பக்கம். மிக மங்கலாக எல்இடியை எரியவிட்டு அளந்தால் கூர்முனை இன்னும் தெளிவாகத் தெரியும்.

ஆஸிலோஸ்கோப்பில் ஒற்றைப் போட்டான்

ஒரு செல் வெடிப்பால் 50 ஓமில் வரும் பல்ஸ் ஒரு மில்லிவோல்ட்டுக்கும் குறைவு. ஆம்ப்ளிஃபையர் இல்லாமல் பார்க்க முடியாது. அதைப் பொருத்தி, எல்இடி பல்ஸரின் சிக்னலாலேயே ஸ்கோப்பை ட்ரிகர் செய்து, பெர்சிஸ்டன்ஸ் முறையில் திரையை ஓடவிடுங்கள். எல்இடியை மிகவும் மங்கலாக்கிக்கொண்டே வாருங்கள். ஒரு கட்டத்தில் குழம்பிக் கிடந்த பட்டை பிரிந்து தனித்தனிக் கோடுகளாகும்: அடியில் தட்டையாக எதுவுமே வராத கோடு, அதற்கு மேல் ஒரு செல், அதற்கு மேல் இரண்டு, மூன்று. கோடுகளுக்கு இடையிலான தூரம் ஒரே அளவாக இருக்கும். நடு இடைவெளியில் ஒன்றும் இருக்காது. ஒளி துகள்களாக வருவதை இவ்வளவு நேரடியாகக் காட்டும் மேசைச் சோதனைகள் குறைவு. முதல் நாளிலேயே இதைப் பார்த்துவிடுங்கள், இந்த வேலையின் மேல் ஆசை வந்துவிடும்.

இந்தக் கோடுகள் தெளிவாகப் பிரியவில்லையென்றால் மேலே போகாதீர்கள். பெரும்பாலும் தரை இணைப்புச் சுற்றோ, பயஸ் சப்ளையின் இரைச்சலோதான் காரணமாக இருக்கும். பயஸ் வழியில் ஒரு ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் சேர்ந்த வடிகட்டியை சில்லுக்குப் பக்கத்திலேயே வையுங்கள்.

பிறகு ஒவ்வொரு பல்ஸின் பரப்பையும் கணக்கிட்டு ஹிஸ்டோகிராம் போடுங்கள். விரல்கள் மாதிரி தனித்தனி முகடுகள் வரும். அடுத்தடுத்த முகடுகளின் இடைவெளிதான் கெய்ன். நான்கைந்து மின்னழுத்தங்களில் இதை எடுத்து வரைந்தால் ஒரு நேர்கோடு கிடைக்கும். கெய்ன் பூஜ்ஜியமாகும் இடத்துக்கு அந்தக் கோட்டை நீட்டினால் அங்கேயும் ஒரு பிரேக்டவுன் மதிப்பு கிடைக்கும். ஐ-வி வளைவில் கிடைத்ததிலிருந்து இது சற்று வேறுபடும். சரிவு தொடங்கும் இடமும் அடங்கும் இடமும் ஒன்றே இல்லை என்பதால் இது எதிர்பார்க்கக்கூடியதே. எந்த முறையில் எடுத்த மதிப்பு என்பதை எப்போதும் எழுதி வையுங்கள். இல்லையென்றால் ஓவர்வோல்டேஜ் 3 என்று நீங்கள் சொல்வதும் பக்கத்து ஆய்வகம் சொல்வதும் வேறு வேறாக இருக்கும்.

கிராஸ்டாக்: அதிக நேரம் செலவிட வேண்டிய இடம்

சரிவின்போது செல்லே கொஞ்சம் ஒளி விடுகிறது. ஏறக்குறைய ஒரு லட்சம் எலக்ட்ரான்களுக்கு 3 போட்டான் என்ற விகிதம். கெய்ன் 17 லட்சம் என்றால் ஒவ்வொரு வெடிப்பிலும் ஐம்பது போட்டான்கள். அவற்றில் ஒன்று பக்கத்துச் செல்லுக்குள் போய் அதையும் வெடிக்க வைத்தால் வந்த போட்டான் ஒன்று, எண்ணிக்கை இரண்டு. இதுதான் கிராஸ்டாக். உடனே நடந்துவிடும், பல்ஸைப் பார்த்துப் பிரித்துச் சொல்ல முடியாது.

அளக்க எல்இடி தேவையில்லை. இருட்டில் வரும் பல்ஸ்களையே, வாசல் உயரத்தை (ஒரு பல்ஸ் எண்ணப்பட அது தாண்ட வேண்டிய உயரம்) படிப்படியாக ஏற்றிக்கொண்டே எண்ணுங்கள். வரைந்தால் படிக்கட்டு வடிவம் கிடைக்கும். அரை செல் உயரத்தில் நொடிக்கு 10 லட்சம், ஒன்றரை செல் உயரத்தில் 80,000 என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 8 சதவீதம். அப்படியே எழுதிவிடாதீர்கள். இரண்டு தனித்தனி டார்க் கவுன்ட்கள் தற்செயலாக ஒரே நேரத்தில் விழுந்திருந்தாலும் அது இரட்டையாகத்தான் தெரியும். உங்கள் மின்னணுவியல் 20 நானோ நொடிக்குள் வரும் இரண்டைப் பிரிக்காது என்றால், 10 லட்சத்தை 20 நானோ நொடியால் பெருக்குங்கள்: 2 சதவீதம். உண்மையான கிராஸ்டாக் 6 சதவீதம் அளவுதான்.

செரன்கோவ் கேமராவில் இது ஏன் இவ்வளவு முக்கியம்? வானப் பின்னணி பிக்ஸலுக்கு நொடிக்கு 3 கோடி என்று கொள்வோம். கிராஸ்டாக் 10 சதவீதம் என்றால் நொடிக்கு 30 லட்சம் தடவை ஒற்றைப் போட்டான் இரண்டாக வேஷம் போடுகிறது, சுமார் 3 லட்சம் தடவை மூன்றாகவோ அதற்கு மேலாகவோ. தற்செயல் சேர்க்கையும் இதோடு சேர்ந்துகொள்ளும். பொய் ட்ரிகரைத் தவிர்க்க வாசலை உயர்த்துவீர்கள். வாசல் உயர்ந்தால் குறைந்த ஆற்றல் காமாக் கதிர்கள் கை நழுவும். ஒளி கண்டறியும் திறனை ஏற்றிக் கிடைத்த லாபம் இப்படித்தான் கரைந்து போகிறது.

செல்களுக்கு நடுவே ஆழமான பள்ளம் வெட்டி அடைப்பது இதற்கு ஒரு மருந்து. எஃப்பிகே தன் புதிய வடிவங்களில் பள்ளத்தை உலோகத்தால் நிரப்பியிருக்கிறது, ஒளி பக்கத்துக்குப் போகாது. ஆனால் மேல்பக்கமாகக் கிளம்பும் ஒளி பாதுகாப்புப் பூச்சின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பி வேறு செல்லில் விழலாம், அதைப் பள்ளம் தடுக்காது. அதனால் பூச்சின் தடிமன், முன்னால் வரும் ஜன்னல், ஒளிக்கூம்பு எல்லாவற்றையும் பொருத்திய பிறகு கிராஸ்டாக்கை மறுபடி அளந்தே ஆக வேண்டும். வெறும் சில்லில் எடுத்த எண்ணை வைத்துக் கேமராவின் ட்ரிகரைக் கணக்கிடக் கூடாது.

ஆஃப்டர்பல்ஸ் என்பது சரிவில் சிக்கிய எலக்ட்ரான் கொஞ்சம் தாமதித்து விடுபட்டு அதே செல்லை மறுபடி வெடிக்க வைப்பது. அடுத்தடுத்த பல்ஸ்களின் கால இடைவெளியை ஹிஸ்டோகிராம் போட்டால் குறுகிய இடைவெளிகளில் எதிர்பார்ப்பைவிட அதிகமாகத் தெரியும். அறை வெப்பநிலையில் நவீன உணரிகளில் பெரும்பாலும் சிறியதுதான், இதில் அதிக நாள் செலவிட வேண்டியதில்லை.

ஒளி கண்டறியும் திறன்

இந்தத் திறன் மூன்று விஷயங்களின் பெருக்கல்: சில்லின் பரப்பில் எவ்வளவு பங்கு உண்மையில் ஒளியைப் பார்க்கிறது, வந்த போட்டான் எலக்ட்ரானைக் கிளப்பும் வாய்ப்பு, அந்த எலக்ட்ரான் சரிவைத் தொடங்கும் வாய்ப்பு. செல் பெரிதானால் முதலாவது கூடும், ஓவர்வோல்டேஜ் ஏறினால் மூன்றாவது கூடும். இன்றைய நல்ல நீல உணரிகள் 50 சதவீதத்தைத் தாண்டுகின்றன.

மின்னோட்டத்தை அளந்து இதைக் கணக்கிட ஆசை வரும். கிராஸ்டாக்கும் ஆஃப்டர்பல்ஸும் மின்னோட்டத்தை ஊதிப் பெரிதாக்கும் என்பதால் விடை தவறாக வரும். அதற்குப் பதில் பூஜ்ஜியங்களை எண்ணுங்கள். எல்இடியை 10,000 முறை மின்னவிட்டு, எத்தனை முறை ஒரு செல்கூட வெடிக்கவில்லை என்று பாருங்கள். 3,679 முறை என்றால், பாய்சான் விதிப்படி சராசரி சரியாக 1. எல்இடியை அணைத்துவிட்டு இதையே செய்ததில் 9,800 பூஜ்ஜியங்கள் வந்தால் இருட்டின் பங்கு 0.02. ஆக, ஒளியால் வந்தது 0.98. கிராஸ்டாக்குக்கு முதலில் ஒன்று வெடித்திருக்க வேண்டும், ஆகவே பூஜ்ஜியத்தை அதனால் தொட முடியாது. இதுதான் இந்த முறையின் அழகு.

வந்த போட்டான்கள் எத்தனை என்று தெரிய, அளவு திருத்தப்பட்ட ஒரு போட்டோடையோடு வேண்டும். ஒளியை உள்ளே சிதறடித்துச் சீராகப் பரப்பும் ஒருங்கிணைப்புக் கோளத்தின் ஒரு வாயில் அது, இன்னொரு வாயில் எஸ்ஐபிஎம். இரண்டு வாய்களுக்கும் இடையிலான ஒளி விகிதத்தைத் தனியாக அளந்துகொள்ளுங்கள். பெரும்பாலான பிழை இங்கேதான் நுழைகிறது. 300 நானோமீட்டரிலிருந்து 900 வரை அளக்க வேண்டும். நீலத்தின் உச்சியை மட்டும் அளந்து நிறுத்துவது செரன்கோவ் வேலைக்குப் போதாது, ஏனென்றால் வானத்தின் பின்னணி சிவப்புப் பக்கம்தான் கனமாக இருக்கிறது. காற்று மண்டல ஆக்சிஜனே 557.7, 630 நானோமீட்டர்களில் ஒளிர்கிறது, அதற்கு அப்பால் இன்னும் அடர்த்தி. சிவப்பைக் குறைவாகப் பார்க்கும் உணரி, நீலத்தில் கொஞ்சம் பின்தங்கியிருந்தாலும், ஜெயிக்கக்கூடும். 1296 பிக்ஸல் கேமராவுள்ள எஸ்எஸ்டி-1எம் தொலைநோக்கியில் ஜன்னலிலேயே பூச்சு போட்டு 540 நானோமீட்டருக்கு மேலுள்ள ஒளியை வெட்டியிருக்கிறார்கள்.

ஓவர்வோல்டேஜை முடிவு செய்வது

எல்லாம் கையில் இருக்கிறது. இப்போது கிடைமட்ட அச்சில் ஒளி கண்டறியும் திறனையும் நிமிர்ந்த அச்சில் கிராஸ்டாக்கையும் வைத்து ஒவ்வொரு உணரிக்கும் ஒரு வளைவு வரையுங்கள். மின்னழுத்தம் அச்சிலேயே வேண்டாம், அது உணரிக்கு உணரி மாறுவதால் ஒப்பிட முடியாது. வளைவு முதலில் தாழ்வாக ஓடி, திறன் தேங்கும் இடத்தில் செங்குத்தாக மேலே ஏறும். காரணம் எளிது: திறன் ஓரளவுக்கு மேல் ஏறாது, கிராஸ்டாக்கோ கெய்னையும் சரிவு வாய்ப்பையும் பெருக்கியது போல ஏறிக்கொண்டே போகும். வளைவு திரும்பும் இடத்துக்குச் சற்று முன்னால்தான் உங்கள் இயக்கப்புள்ளி இருக்க வேண்டும். ஃபேக்ட் குழு தங்கள் சில்லுகளை வெறும் 1.1 வோல்ட் ஓவர்வோல்டேஜில்தான் ஓட்டியது.

வெப்பநிலையும் பயஸும்

பிரேக்டவுன் வெப்பநிலையோடு நகரும். ஹமாமட்சுவின் எஸ்13360 வரிசையில் டிகிரிக்கு 54 மில்லிவோல்ட், எஃப்பிகேயின் நீல உணரிகளில் 26 அளவு. இரவில் 10 டிகிரி இறங்கியதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலாவதில் 3 வோல்ட் ஓவர்வோல்டேஜில் 0.54 வோல்ட் மாறும், கெய்ன் 18 சதவீதம் நகர்ந்துவிடும். இரண்டாவதில் 6 வோல்ட்டில் 0.26, அதாவது 4 சதவீதம்தான். ஆகவே மில்லிவோல்ட்டை மட்டும் பார்க்காமல் அதை உங்கள் ஓவர்வோல்டேஜால் வகுத்துப் பாருங்கள்.

வெப்பநிலையைப் படித்து பயஸைத் திருத்துவது பாதி வேலைதான். மீதிப் பாதி பலருக்கு முதல் நிலா இரவில்தான் தெரிய வரும். பயஸ் வழியில் நீங்கள் வைத்த வடிகட்டி ரெசிஸ்டரில் மின்னோட்டம் பாயும்போது மின்னழுத்தம் விழுகிறது. நொடிக்கு 4 கோடி எண்ணிக்கை, கெய்ன் 17 லட்சம் என்றால் மின்னோட்டம் ஏறக்குறைய 11 மைக்ரோஆம்பியர். 10 கிலோ ஓம் ரெசிஸ்டரில் 0.11 வோல்ட் போய்விடும். நிலா ஏறினால் மின்னோட்டம் பல மடங்காகும், உங்கள் ஓவர்வோல்டேஜில் பாதி காணாமல் போகும். ஒவ்வொரு பயஸ் சேனலின் மின்னோட்டத்தையும் படித்து, விழுந்த அளவை ஏற்றிக் கொடுக்கும் சுற்று கட்டாயம் வேண்டும். ஃபேக்டில் 320 பயஸ் சேனல்கள், ஒவ்வொன்றிலும் 4 அல்லது 5 பிக்ஸல்கள். அங்கே வெப்பநிலை, மின்னோட்டம் இரண்டையும் வைத்துத்தான் திருத்தினார்கள். திருத்தம் சரியாக நடக்கிறதா என்பதற்கு சாட்சி டார்க் கவுன்ட் பல்ஸ்களே. மூடியை மூடி வைத்து விரல் ஹிஸ்டோகிராம் எடுத்தால் கெய்ன் நேராகத் தெரிந்துவிடும்.

சில்லிலிருந்து பிக்ஸலுக்கு

பெரிய தொலைநோக்கிக்குப் பெரிய பிக்ஸல் வேண்டும். சில்லு பெரிதானால் மின்தேக்கு திறனும் பெரிதாகும். 6 மிமீ சில்லில் ஒரு நானோஃபாரட்டுக்கும் மேல். பல்ஸ் மெதுவாகி வால் நீளும், வாலுக்குள் அடுத்த வானப் போட்டான்கள் வந்து உட்காரும். பலவற்றை அப்படியே இணையாகக் கோக்காமல், ஒவ்வொன்றுக்கும் தனி ஆம்ப்ளிஃபையர் வைத்து பிறகு கூட்டுவது என் விருப்பம். மின் செலவு கூடும்தான், ஆனாலும் பல்ஸ் கூர்மையாக இருக்கும். வாலை வெட்ட போல்-ஜீரோ சுற்று ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஒளிக்கூம்பு வைத்து சில்லின் அளவைச் சிறிதாக்கவும் முடியும். ஃபேக்டில் அறுகோண வாயில் ஒளியை வாங்கிச் சதுரச் சில்லில் இறக்கும் அக்ரிலிக் கூம்புகள் இருக்கின்றன.

செல்களின் எண்ணிக்கை ஒரு வரம்பு என்பதை மறக்க வேண்டாம். 3600 செல்களில், ஒவ்வொன்றும் ஒரு செல்லை வெடிக்க வைக்கக்கூடிய 1800 போட்டான்கள் ஒரே நேரத்தில் விழுந்தால் சுமார் 1,416 செல்கள்தான் வெடிக்கும், ஏனென்றால் சில செல்களில் இரண்டு விழுந்திருக்கும். இந்த வளைவை அளந்து திருத்தம் போட வேண்டும்.

குளிருக்குப் போகிறவர்களுக்கு

திரவ ஆர்கான், செனான் பக்கம் போகிறவர்களுக்கு விதிகள் வேறு. ஆர்கானின் 87 கெல்வினில் டார்க் கவுன்ட் பல ஆயிரம் மடங்குக்கும் மேல் குறைந்துவிடும். ஆனால் பாலிசிலிக்கான் ரெசிஸ்டரின் மதிப்பு ஏறி செல் மெதுவாகச் சார்ஜ் ஆகும், பொறிகளில் சிக்கிய எலக்ட்ரான்கள் அதிக நேரம் தங்கி ஆஃப்டர்பல்ஸ் கூடும். டார்க்சைடு-20கேக்காக எஃப்பிகே தனி வடிவமே உருவாக்க வேண்டியிருந்தது. ஆர்கானின் ஒளி 128 நானோமீட்டர், சாதாரண உணரி அதைப் பார்க்காது. டிபிபி என்ற பூச்சால் 420 நானோமீட்டருக்கு மாற்றிப் பிறகு பார்க்கிறார்கள். 24 சில்லுகள் சேர்ந்து 5 செமீ சதுர ஓடு, 16 ஓடுகள் சேர்ந்து ஒரு தொகுதி என்று 20 சதுர மீட்டருக்கும் மேல் பரப்புகிறார்கள். அறை வெப்பநிலையில் எடுத்த எந்த எண்ணையும் அங்கே நம்பக் கூடாது, எல்லாவற்றையும் குளிரில் மறுபடி அளக்க வேண்டும். பலகையின் பொருளிலும் சால்டரிலும் உள்ள கதிரியக்கத்தையும் சோதிக்க வேண்டும்.

ஆயிரக்கணக்கில் வரும்போது

ஒரு சில்லை ஆராய்வதும் மூவாயிரத்தைச் சோதிப்பதும் வேறு வேறு தொழில். மதுரையில், நியூட்ரினோ ஆய்வுக்கான பெரிய கருவியின் சிறிய முன்மாதிரியான மினி-ஐகாலைச் சுற்றி, வரும் காஸ்மிக் மியூவான்களை அடையாளம் காண ஒரு கவச உணரி திட்டமிடப்பட்டது. அதில் பிளாஸ்டிக் சின்டிலேட்டர் பட்டைகளுக்குள் ஓடும் இழைகளின் முனைகளில் 2 மிமீ எஸ்ஐபிஎம்கள் வருகின்றன, மொத்தம் ஏறக்குறைய 3,000. அங்கே மியூவான்களை 99.99 சதவீதத்துக்கும் மேல் பிடிக்க வேண்டும் என்பது இலக்கு, ஒரு சில மோசமான சில்லுகள்கூட அதைக் கெடுத்துவிடும். தமிழ்நாட்டிலிருந்து இந்தத் துறைக்கு வர நினைப்பவர்களுக்கு இது பக்கத்திலேயே இருக்கும் நல்ல பள்ளி.

இவ்வளவு சில்லுகளுக்கு முழுச் சோதனை செய்ய முடியாது. ஒவ்வொன்றிலும் ஐ-வி வளைவும், ஒரே மின்னழுத்தத்தில் கெய்னும் எடுங்கள். தொகுதிக்குச் சிலவற்றில் மட்டும் திறன், கிராஸ்டாக் எல்லாம். ஐ-வி மட்டுமே பெரும்பாலான பழுதுகளைக் காட்டிக் கொடுக்கும். பிறகு பிரேக்டவுன் வரிசைப்படி அடுக்கி, நெருங்கிய மதிப்புள்ளவற்றை ஒரே பயஸ் சேனலில் சேருங்கள். ஒரு சேனலில் உள்ளவற்றுக்குள் வித்தியாசம் உங்கள் ஓவர்வோல்டேஜில் சில சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சில்லின் வரிசை எண், ட்ரே எண், அளந்த வெப்பநிலை மூன்றையும் ஒவ்வொரு அளவீட்டோடும் தரவுக்கோப்பிலேயே எழுதிவிடுங்கள். வெப்பநிலை இல்லாத ஐ-வி வளைவை மறுநாள் திரும்ப எடுக்க வேண்டியிருக்கும்.